ஒரே ஏற்பாடு, வேறு வேறு பலன்: பொதுச் சுகாதாரமும் சமூகப் பேதங்களும்

1820-களில் பாரிஸ் நகரத்தின் மரணக் கணக்குகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் பார்த்த லூயி ரெனே வில்லெர்மே என்ற பிரெஞ்சு வைத்தியர், செய்ன் நதியின் அருகாமை, காற்றின் போக்கு, ஜன நெருக்கம் என்று அக்காலத்து வைத்திய சாஸ்திரம் காரணமாகச் சொல்லிவந்த ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து ஒப்பிட்டு, இவற்றுள் எதுவும் கணக்கோடு பொருந்தவில்லை என்றும், வறியவர் மிகுந்த வட்டாரங்களிலேயே மரணமும் மிகுந்திருக்கிறது என்றும் கண்டார். அன்று தொடங்கிய விசாரணை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது.

அந்த விசாரணையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோய் ஏன் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பது ஒன்று. நோயைத் தடுக்கச் சர்க்கார் செய்யும் ஏற்பாடுகளின் பலனும் பாரமும் ஏன் எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணும் வழக்கம் அறிஞர் பலரிடத்தும் உண்டு. ஆனால் எல்லோருடைய நோயையும் குறைக்கும் ஓர் ஏற்பாடே, சிலருடைய நோயை விரைவாகவும் வேறு சிலருடைய நோயை மெதுவாகவும் குறைப்பதனால், இரு சாராருக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்னிலும் அதிகமாக்கிவிடக் கூடும். ஆகவே இரண்டாவது கேள்வி தனியாகவே ஆராயத் தக்கது. அதற்குச் சொல்லப்பட்டுவந்த விடைகளையும், அவற்றின் பிறப்பையும் குறைகளையும் இங்கே ஒருவாறு தொகுத்து நோக்கலாம்.

அசுத்தமா, வறுமையா?

பிரிட்டனில் தொழிலாளரின் சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கை, நவீன பொதுச் சுகாதாரத்தின் ஆதி நூல் என்று போற்றப்படுவது. அதே சாட்விக் 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் உதவிச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் என்பதை மறந்துவிட்டு அந்த அறிக்கையைப் படிக்கலாகாது. அசுத்தத்தினால் காய்ச்சல், காய்ச்சலினால் குடும்பத் தலைவனின் மரணம், அம்மரணத்தினால் வறுமை, அவ்வறுமையினால் உதவி வரியின் சுமை என்பது அவர் கண்ட காரணத் தொடர். ஆகவே சாக்கடையும் குழாய் நீரும் அமைத்தால் வறுமையும் தானே குறையும் என்று வாதித்தார். எடின்பரோ நகரத்து வைத்தியர் வில்லியம் புல்ட்னி அலிசன் இத்தொடரைத் தலைகீழாகக் கண்டார். பசியும் வேலையின்மையும் உடலை நலிவிக்க, நலிந்த உடலில் காய்ச்சல் பற்றுகிறது என்பதும், ஏழைகளுக்கு உதவியைப் பெருக்குவதே காய்ச்சலுக்குத் தடை என்பதும் அவருடைய கட்சி.

சாட்விக்கின் கட்சியே வென்றது. 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. குழாய் நீரும் கழிவுநீர்க் கால்வாயும் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த வெற்றியோடு கூலி, உணவு, வேலை நேரம் ஆகிய மூன்றும் பொதுச் சுகாதாரம் என்னும் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்றைக்கும் பல நாடுகளில் சுகாதாரத் துறை ஒன்றைச் செய்ய, தொழிலாளர் துறை அதற்கு மாறாக வேறொன்றைச் செய்துகொண்டிருக்கும் நிலையின் வேர் அங்கே இருக்கிறது.

அதே 1848-இல், மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய சர்க்கார் அனுப்பிய வைத்தியர் ருடால்ஃப் விர்ஹோ, மருந்துப் பட்டியலுக்குப் பதிலாகக் கல்வி, சுயாட்சி, நியாயமான வரி, போலிஷ் மொழி பேசிய அந்த ஜனங்களுக்கு அவர்கள் மொழியிலேயே பள்ளி என்று எழுதிக் கொடுத்தார். சமூகமே நோயின் காரணம் என்னும் சித்தாந்தத்திற்கு இது மூலபாடம். இதன் பலம் இதன் விரிவு, குறையும் அதுவே. நாளைக் காலையில் ஒரு ஜில்லா சுகாதார அதிகாரி எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை.

கட்டாயத்தின் பாரம்

இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது 1853-இல் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்தின் சொற்களில் வர்க்க பேதம் எதுவும் இல்லை. ஆனால் வசதியுள்ளவர் வீட்டிற்குச் சொந்த வைத்தியரே வந்து குத்திச் சென்றார். ஏழையின் குழந்தை, ஏழைகள் உதவிச் சட்டத்தை நடத்திய அதே அதிகாரிகளின் பொறுப்பிலிருந்த நிலையத்திற்குப் போய்க் குத்திக்கொண்டு, எட்டாம் நாள் மீண்டும் போய், புண்ணிலிருந்து பால் எடுத்துப் பிற குழந்தைகளுக்குக் குத்துவதற்கு உடன்பட வேண்டியிருந்தது. மறுத்தால் அபராதம், செல்வருக்கு அது சிறு தொகை, கூலிக்காரருக்கோ வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தியில் இழப்பது. 1885-இல் லெஸ்டர் நகரில் நடந்த பெருங் கிளர்ச்சியில் இந்தக் கோபம் வெளிப்பட்டது. 1898-இல் மனச்சாட்சியின் பேரில் விலக்குக் கோரும் உரிமை சட்டத்தில் ஏறியது. கவனிக்கத் தக்கது, அம்மையினால் அதிகமாக மடிந்துகொண்டிருந்தவர்களும் அந்த ஏழைகளே. ஆதலால் குத்தியதன் பலனும் அவர்களுக்கே மிகுதி, அதன் பாரமும் அவர்களுக்கே மிகுதி. ஒரு கொள்கையை ‘ஏழைக்கு நல்லது’ அல்லது ‘ஏழைக்குத் தீயது’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பிடுவோர் இந்த இரட்டைத் தன்மையைக் காணத் தவறுகிறார்கள்.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியபோது இதைவிடக் கடுமையான காட்சி நடந்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின்படி வீடுகள் சோதிக்கப்பட்டன. நோயுற்றவர் எனச் சந்தேகிக்கப்பட்டவர் குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டனர். பம்பாயின் வசதியுள்ள சாதிகளும் சமயத்தாரும் தத்தமக்கெனத் தனி ஆஸ்பத்திரிகளை அமைத்துக்கொண்டு அந்தக் கடுமையை ஓரளவு தணித்துக்கொண்டனர். ஆலைத் தொழிலாளருக்கு இருந்த ஒரே வழி ஊரைவிட்டு ஓடுவது. 1898-இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளை இடித்து அகன்ற வீதிகள் போட்டது. ஆனால் இடித்த அளவுக்கு வீடுகள் கட்டப்படாமையால், வீடிழந்தவர்கள் பக்கத்தில் ‘சால்’ எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் போய் நெருங்கி, நெருக்கத்தை ஒழிக்க வந்த திட்டத்தினாலேயே வேறிடத்தில் நெருக்கம் பெருகியது.

இந்தியாவில் ஆங்கில வைத்தியத்தின் வரலாற்றை எழுதிய டேவிட் ஆர்னால்ட் முதலியோர், இத்தகைய செய்திகளிலிருந்து, பொதுச் சுகாதாரம் என்பதே ஆள்வோர் ஆளப்படுவோரின் உடல்மீது செலுத்தும் அதிகாரத்தின் ஒரு வடிவம் என்ற பார்வையை வளர்த்தனர். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில் மேகநோயுற்ற கறுப்பின ஆண்கள் சுமார் 400 பேருக்குச் சிகிச்சை அளிக்காமல் நோயின் போக்கை மட்டும் கவனித்துவந்த கொடுமையை நினைத்தால், இப்பார்வையை மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அதிகாரத்தை மட்டுமே நோக்கும் கண், நோயினால் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்க மறந்துவிடுகிறது. அதிகாரம் வந்து கட்டாயப்படுத்தியதால் துன்பப்பட்டவர்களைப் போலவே, அதிகாரம் திரும்பியே பாராததால் துன்பப்பட்டவர்களும் உலகில் ஏராளம்.

பிளாக் அறிக்கையும் அதன் பின்னும்

1948-இல் பிரிட்டன் தேசிய சுகாதார சேவையை நிறுவியபோது, காசு என்னும் தடை நீங்கிவிட்டால் வர்க்கங்களுக்கிடையே உள்ள ஆயுள் வித்தியாசமும் படிப்படியாக நீங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து ஸர் டக்ளஸ் பிளாக் தலைமையில் ஆராய்ந்த குழு 1980-இல் அளித்த அறிக்கை, வித்தியாசம் நீங்கவில்லை என்று காட்டி, அதற்கு நால்வகை விளக்கங்களை வகுத்தது. வித்தியாசமே கணக்கெடுக்கும் முறையால் தோன்றும் மாயை என்பது முதலாவது. நோயாளிகள் கீழ் நிலைக்கு இறங்கிவிடுவதால் கீழ் நிலையில் நோய் மிகுந்து தோன்றுகிறது என்பது இரண்டாவது. புகை, மது, உணவு முதலிய பழக்கங்களே காரணம் என்பது மூன்றாவது. வீடு, வருமானம், தொழில் முதலிய பொருள்நிலையே காரணம் என்பது நான்காவது. முதலிரண்டும் பிற்பட்ட ஆய்வுகளால் பெரிதும் வலுவிழந்தன.

மூன்றாவதை, லண்டன் வைட்ஹால் சர்க்கார் அலுவலகங்களின் ஆண் ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கி, பின்னர் மைக்கேல் மார்மாட் முதலியோர் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு அசைத்தது. கடைநிலை ஊழியருக்கு இருதய நோயால் நேரும் மரணம் உச்சநிலை அதிகாரிகளுக்கு நேர்வதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும், புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்கவில்லை என்றும் தெரியவந்தது. நான்காவது விளக்கத்திற்கும் அது சங்கடமே. வைட்ஹாலில் பஞ்சப்பட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். எனவே தன் வேலையின்மீது தனக்குள்ள ஆதிக்கம், பிறர் முன் தன் ஸ்தானம் ஆகியவை மனத்தின் வழியாக உடலை வருத்துகின்றன என்னும் ஐந்தாவது விளக்கம் எழுந்தது. பள்ளி, வீடு, போக்குவரத்து முதலியவற்றில் சமூகம் செய்யும் முதலீட்டை மறைத்து எல்லாவற்றையும் மனநிலையாக்கிவிடும் அபாயம் இதில் உண்டு என்று ஜான் லிஞ்ச் முதலியோர் மறுத்தனர். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

இவ்வளவும் நம் முதற் கேள்விக்குரிய விடைகளே.

முன்னிற்பவர் முதலில் பெறுதல்

இரண்டாவது கேள்வியை நேராகத் தொட்டவர் வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளரிடையே வைத்தியம் செய்த ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல வைத்தியம் கிடைப்பது, அது யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே குறைவாக இருக்கிறது என்றும், சந்தையின் ஆதிக்கம் கூடக்கூட இந்த விபரீதம் கூடுகிறது என்றும் 1971-இல் அவர் எழுதினார். பிரேசில் நாட்டு அறிஞர் செஸார் விக்டோரா, 2000-இல், இதற்குக் காலம் என்னும் பரிமாணத்தைச் சேர்த்தார். புதிய ஏற்பாடு எதுவாயினும் முதலில் அதைப் பெறுபவர் வசதியுள்ளவரே. ஆகவே தொடக்கத்தில் பேதம் பெருகும். அவர்கள் அடையத் தக்க எல்லையை அடைந்து நின்ற பின்பே மற்றவர் நெருங்கி வருவர். இந்தக் கருத்தில் ஓர் ஆறுதல் தொனிப்பது உண்மை. ஆனால் பின்வருவோர் நெருங்கி வருவதற்குள் அடுத்த புதிய ஏற்பாடு வந்துவிட்டால் முன்னிற்பவர் மீண்டும் முன்னேறிவிடுவர்.

புருஸ் லிங்க், ஜோ ஃபீலன் இருவரும் 1995-இல் வகுத்த அடிப்படைக் காரணச் சித்தாந்தம் இவ்விடத்திலிருந்தே வலுப் பெறுகிறது. பணம், அறிவு, செல்வாக்கு, நல்ல தொடர்புகள் ஆகியவை எந்த நோய்க்கும் எந்தக் காலத்திற்கும் பயன்படும் பொதுக் கருவிகளாகையால், ஒரு வழி அடைபட்டால் பேதம் மறு வழியில் வெளிப்படும் என்பது அதன் சாரம். புகையிலை இதற்குச் சிறந்த உதாரணம். பிரிட்டிஷ் ஆய்வாளர்களான டாலும் ஹில்லும் 1950-இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய காலத்தில், பிரிட்டனில் மேல்தட்டினரும் கீழ்த்தட்டினரும் பெரிய வித்தியாசமின்றிப் புகைத்தனர். செய்தி பரவப் பரவப் படித்தவரும் வசதியுள்ளவரும் முதலில் விட்டனர். அதுவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்த ஒரு பழக்கம், அறிவு பரவியதன் விளைவாகவே, வறியவருக்கு உரியதாயிற்று. இச்சித்தாந்தத்தின் குறை, அது பேதத்தின் நிலைபேற்றை நன்றாக விளக்குவதால், பேதம் குறைந்த இடங்களை விளக்க அதனிடம் போதிய சொற்கள் இல்லாமற் போவது.

திட்டம் மனத்தில் வைத்த மனிதர்

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தும் ஜனங்களிடையே உள்ள வித்தியாசத்திலிருந்து தொடங்குகின்றன. ஏற்பாட்டின் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதும், அதுவே நிர்வாகத்திற்கு அதிகமாகப் பயன்படும் என்பதும் இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம். ஒவ்வொரு திட்டமும் தன்னைப் பயன்படுத்தப்போகும் ஒரு மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டே தீட்டப்படுகிறது. அந்த மனிதருக்கு என்ன உணவு, எந்த மொழி, எவ்வளவு ஓய்வு நேரம் என்பதெல்லாம் ஒருவரும் எழுதிவைக்காமலே திட்டத்திற்குள் புகுந்துவிடுகின்றன.

அமெரிக்கா 1998 முதல், குழந்தைகளின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க, செறிவூட்டிய கோதுமை முதலிய தானிய மாவுகளில் ஃபோலிக் அமிலத்தைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. குறைபாடு கணிசமாகக் குறைந்தது. ஒருவரும் மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை, ஒருவரும் படித்தறிய வேண்டியதில்லை. வறியவருக்கும் செல்வருக்கும் ஒருங்கே எட்டும் ஏற்பாடு என்று இதைவிடச் சிறப்பாக ஒன்றை நினைப்பது கடினம். ஆனால் மெக்ஸிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள் உண்டது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாசா மாவு. அந்த மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்க அனுமதியே 2016-இல்தான் வந்தது, அதுவும் கட்டாயமன்று. பதினெட்டு ஆண்டுகள் அந்த இனத்துத் தாய்மார்களின் குழந்தைகளிடையே குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்துவந்தது. அவர்களை விலக்க யாரும் எண்ணவில்லை. உண்பவர் என்றால் கோதுமை ரொட்டி உண்பவர் என்று எண்ணியதே போதுமாயிற்று.

இந்தியாவில் 2021 மே முதல் தேதி 18 முதல் 44 வயதுக்குட்பட்டோருக்குக் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்வது தொடக்கத்தில் கட்டாயமாயிருந்தது. அதே காலத்து தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்த பெண்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்கள் 57 பேர். சில வாரங்களில் நேரில் வந்தவர்களுக்கும் ஊசி போட வழி செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்விஷயத்தில் தமிழர் அதிகமாகக் கவனிக்கத் தக்கது இலங்கை மலையகத்தின் வரலாறு. குறைந்த வருமானத்தில் நிறைந்த ஆரோக்கியம் கண்ட நாடென்று உலகத்தார் எடுத்துக்காட்டும் இலங்கையில், 1951-இல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளருடைய வைத்தியம் 1872-ஆம் ஆண்டின் சட்டம் முதல் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பாக இருந்துவந்தது. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. ஆகவே தேசம் முழுவதற்கும் விரிந்த இலவச சேவை தோட்டத்தின் எல்லையில் வந்து தயங்கி நின்றது. 1970-களில் தோட்டங்கள் தேசியமயமான பின்பே சர்க்காரின் சுகாதார சேவை மெல்ல மெல்ல உள்ளே நுழையத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் சுமார் 17 சதவிகிதம். தோட்டப் பகுதியில் சுமார் 32. கட்டணமில்லாக் கிளினிக் திறந்திருக்கும் நேரம் கொழுந்து பறிக்கும் நேரமாயிருக்க, பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் சம்பளம்தான் என்ற நியதியும் இருக்க, தாய் எதை விடுவாள் என்பது சுகாதாரத் துறையின் ஏட்டில் எழுதப்படுவதில்லை. அவளுக்குக் கிளினிக் ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. அரைநாட் சம்பளம் அதன் கட்டணம்.

திட்டம் தீட்டியவரின் கற்பனையே காரணம் என்னும் இந்தப் பார்வைக்கும் எல்லை உண்டு. வட இந்தியக் கிராமங்களில் சர்க்கார் கட்டிக் கொடுத்த கக்கூஸ்களைப் பலர் பயன்படுத்தாமைக்கு, குழி நிறைந்தால் அதை அள்ளுவது தாழ்த்தப்பட்டோர் தொழில் என்னும் சாதித் தீட்டெண்ணமே முக்கிய காரணம் என்று டயன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் காட்டியிருக்கிறார்கள். சராசரியாக வறியவராயிருந்தும் இந்திய முஸ்லிம் குடும்பங்களில் குழந்தை மரணம் இந்துக் குடும்பங்களைவிடக் குறைவாயிருப்பதற்கு, அவர்களும் அவர்கள் அண்டை அயலாரும் கக்கூஸைப் பயன்படுத்துவது பெருங் காரணம் என்பதும் ஸ்பியர்ஸ் பங்குகொண்ட ஓர் ஆய்வின் முடிவு. இங்கே தடை சமூகத்தின் நெஞ்சிலேயே இருக்கிறது. திட்டத்தின் விதிகளைத் திருத்துவதால் மாத்திரம் அது நீங்கிவிடாது.

பேதம் குறைந்த இடங்கள்

1965-இல் அமெரிக்கா முதியோருக்கான மெடிகேர் திட்டத்தை இயற்றி, நிறபேதம் காட்டும் ஆஸ்பத்திரிக்கு அதிலிருந்து காசில்லை என்று 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் பேரில் நிபந்தனை விதித்தது. மறு ஆண்டு திட்டம் அமலுக்கு வருவதற்கு முன்னர், சில மாதங்களுக்குள், தென் மாகாணங்களில் பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரிக் கதவுகள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன. மிஸிஸிப்பியில் கறுப்பினக் குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறப்பது அதன்பின் வேகமாகக் குறைந்ததை ஆல்மண்ட், சே, கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர் ஆராய்ந்து காட்டினர். முதியோருக்கென வந்த திட்டம் குழந்தைகளைக் காத்தது. காத்தது பணம் மட்டுமன்று, பணத்தோடு பிணைத்த நிபந்தனை. பிரேசில் 1994-இல் தொடங்கிய குடும்ப ஆரோக்கியத் திட்டம் ஏழைப் பிரதேசங்களில் முதலில் வேரூன்றியது; அது பரவிய ஊர்களில் தடுக்கத் தக்க மரணங்கள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடையே அதிக வேகத்தில் குறைந்தன. முன்னிற்பவரே முதலில் பெறுவர் என்னும் விதியை, வரிசையைத் திருப்பிவிட்டால் திருத்தலாம் என்பதற்கு இவை பிரமாணங்கள். பொதுவாக, தனி மனிதரின் முயற்சியைக் குறைவாகக் கேட்கும் ஏற்பாடுகள் பேதத்தைக் குறைப்பதும், பிரசாரம், அறிவுரை முதலிய முயற்சியை மிகுதியாகக் கேட்பவை பேதத்தைக் கூட்டக் கூடுவதும் அண்மைக் கால ஆய்வுகளில் ஓரளவு உறுதிப்பட்டிருக்கின்றன. மாசா மாவின் கதை அங்கும் ஓர் எச்சரிக்கை.

அளவுகோலும் எஞ்சிய ஐயங்களும்

ஒரு நோயால் ஆயிரம் வறியவரில் 100 பேரும், ஆயிரம் செல்வரில் 50 பேரும் இறந்துவந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்திற்குப் பின் அவை 50-உம் 20-உம் ஆயின. வித்தியாசம் 50-லிருந்து 30-ஆகக் குறைந்தது. விகிதமோ இரண்டிலிருந்து இரண்டரையாகக் கூடிற்று. பேதம் குறைந்ததா, கூடிற்றா? இரண்டு விடைகளும் கணக்கில் சரியானவை. டச்சு அறிஞர் யோஹான் மாக்கன்பாக், சேமநல அரசுகள் ஓங்கிய வட ஐரோப்பிய நாடுகளிலும் ஆரோக்கிய பேதம் விடாப்பிடியாக நிலைத்திருக்கும் புதிரை எடுத்துக்காட்டியபோது, அப்புதிரில் ஒரு பகுதி விகிதத்தை அளவுகோலாகக் கொண்டதால் விளைவது என்று பலர் கருதினர். ஆரோக்கிய பேதத்தைக் குறைக்க இங்கிலாந்தில் 1997 முதல் 2010 வரை சர்க்கார் செய்த முயற்சியை அவர் தோல்வி என்று மதிப்பிட்டார். பென் பார் முதலியோர் 2017-இல், அக்காலத்தில் ஆயுள் வித்தியாசம் உண்மையில் சுருங்கியது என்றும், முயற்சி நின்றபின் மீண்டும் விரிந்தது என்றும் காட்டினர். எந்த அளவுகோல் உயர்ந்தது என்று கணிதம் சொல்லாது. எந்தப் பேதத்தை அநியாயம் என்று ஒரு சமூகம் கருதுகிறது என்பதைப் பொறுத்தது அது.

எல்லோருக்கும் பொதுவாகச் செய்து, தேவைக்கேற்ப மிகுத்துச் செய்வது என்று 2010-இல் மார்மாட் குழு சொன்ன வழி இன்று பெரும்பாலோர் ஏற்பது. தேவை மிகுந்தவர் யார் என்பதை எந்தக் கணக்கேட்டைக் கொண்டு அறிவது என்பதில்தான் அவ்வழி தடுமாறுகிறது. இலங்கையின் ஆய்வுகள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுவதால் மலையகக் குழந்தைகளின் குறை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வெளியேறிக் கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் அந்தப் பிரிவில் நகரத்தாராகிவிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் உயரம் நகரத்தின் சராசரிக்குள் கலந்துவிடுகிறது.